முட்டுக்காட்டுக் காற்றும் அட்டைப் பெட்டித் தொழிலும்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில், உப்பங்கழி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் ஓரமாக அமைந்திருக்கும் முட்டுக்காடு, இன்று படகுத் துறைக்காகவும் தட்சிணசித்ரா என்னும் கலைக்கூடத்துக்காகவும் ஜனங்கள் நாடிவரும் ஊராக இருக்கிறது. ஆனால் இந்தச் செங்கற்பட்டுக் கரையின் சரித்திரத்தை அரசர்களின் வழியாகவோ கோட்டைகளின் வழியாகவோ பார்க்காமல் தொழில்களின் வழியாகப் பார்க்கப் புகுந்தால், இங்கே வீசும் காற்றே அந்தச் சரித்திரத்தின் முதல் பாத்திரமாக நமக்குத் தென்படும். கோவளத்திலும் கேளம்பாக்கத்திலும் பாத்தி கட்டி நீரைத் தேக்கி உப்பு விளைவித்தவர்களுக்கு வெயில் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம், நீரின்மேல் தவழ்ந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு போகும் உலர்ந்த காற்று. அந்த உப்பையும் விறகையும் ஏற்றிக்கொண்டு பக்கிங்காம் கால்வாயில் சென்னைக்குச் சென்ற தோணிகள், பாய் விரித்தபோது காற்றை நம்பின. காற்று ஓய்ந்தபோது கரையில் நடந்து கயிறு இழுப்பவர்களை நம்பின. தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் களத்தில் நெல்லைத் தூற்றிய உழவன், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்து நின்று, முறத்தைத் தூக்கிச் சரித்தான். மணி காலடியில் விழுந்தது, பதரும் தூசும் அவனை விட்டு விலகிப் போயின.

இந்தத் தொழில்களிலெல்லாம் மனிதன் காற்றை உண்டாக்கவில்லை. காற்று இருக்கும் இடத்தையும் பொழுதையும் அறிந்து, தன் வேலையை அங்கே கொண்டுபோய் வைத்தான். முட்டுக்காட்டில் 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், தென்னாட்டின் பல பகுதிகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருக்கும் பழைய வீடுகள் இந்த அறிவுக்குக் கண்கண்ட சாட்சியங்கள். திண்ணையும் முற்றமும் அங்கே அழகுக்காக மாத்திரம் அமைக்கப்பட்டவை அல்ல. சூடேறிய காற்று முற்றத்தின் வழியே மேலெழும்பிப் போகவும், அதன் இடத்தைத் தெருப்பக்கத்துக் காற்று வந்து நிரப்பவும் செய்த ஏற்பாடுகள் அவை. அங்கே காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் ஒன்று இருக்கிறது. நம் நாட்டு நெசவாளர் தறியைத் தரையில் குழி தோண்டி அமைத்ததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று, மண்ணின் ஈரம் இழையைப் பதமாக வைத்து அறுந்துபோகாமல் காக்கும் என்பது. பருத்திப் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீள விரித்து ஆற்றும் வேலையை, வெயில் ஏறினால் கஞ்சி முறுகிவிடும் என்றறிந்து, விடியற்காலையிலேயே முடித்துக்கொண்டார்கள். இழைக்கு எவ்வளவு ஈரம் வேண்டும், எவ்வளவு உலர்ச்சி வேண்டும் என்பதை அளவுகோல் இன்றியே அறிந்திருந்த சமூகம் அது.

யந்திரம் வந்து, தொழில் ஒரு பெரிய கூரையின் கீழ் அடைபட்டபோது இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. பெரம்பூரில் 1876-இல் பக்கிங்காம் ஆலையும், 1881-இல் கர்நாடிக் ஆலையும் தோன்றின. ஆயிரக்கணக்கான கதிர்கள் ஒரே கூடத்தில் சுழலும்போது பஞ்சின் சிறு நார்கள் பறந்து கூடத்தை நிரப்புகின்றன. இழை அறுந்துபோகாமலிருக்க வேண்டுமானால் கூடத்துக் காற்றில் ஈரம் நிறைந்திருக்க வேண்டும். ஆகவே ஜன்னல்களைத் திறந்து வைப்பது ஆலைக்கு நஷ்டம், மூடி வைப்பது மனிதனுக்கு நஷ்டம் என்னும் நிலை உண்டாயிற்று. இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய நியமிக்கப்பட்ட 1908-ஆம் ஆண்டுக் கமிஷனில் அங்கத்தினராக இருந்தவர் சென்னையின் புகழ்பெற்ற மருத்துவர் டி. எம். நாயர். காது மூக்குத் தொண்டை நோய்களில் நிபுணரான அவர், வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தையும் சட்டமே நேரடியாக வரையறுக்க வேண்டும் என்று வற்புறுத்தி, ஏனைய அங்கத்தினர்களினின்றும் வேறுபட்டுத் தம் அபிப்பிராயத்தைத் தனியே எழுதி வைத்தார். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆண்களின் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணியாக வரையறுத்தது. அடைபட்ட காற்றை மாற்ற இயலாத காலத்தில், அந்தக் காற்றுக்குள் மனிதன் கழிக்கும் நேரத்தைக் குறைப்பதே கைக்கெட்டிய பரிகாரமாக இருந்தது.

நூலாலையின் கதையை முதலில் சொன்னதற்குக் காரணம், அதே கதை வேறொரு நாரின் வடிவில் இந்தக் கரையின் பின்னிலத்தில் பின்னால் நடந்ததுதான். நெளி அட்டை என்பது, இரண்டு தட்டையான காகிதங்களுக்கு நடுவே அலை அலையாக மடிக்கப்பட்ட ஒரு காகிதத்தைப் பசையிட்டு ஒட்டிய பொருள். 1856-இல் இங்கிலாந்தில் ஹீலி, ஆலன் என்னும் இருவர் நெளித்த காகிதத்துக்கு உரிமம் பெற்றபோது, அவர்கள் அதை எண்ணியது தொப்பியின் உள்வரியாகத்தான். 1871-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிக் குப்பிகளையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றிவைக்கப் பயன்படுத்தினார். 1874-இல் ஆலிவர் லாங் நெளியின்மேல் ஒரு தட்டைக் காகிதத்தை ஒட்டி அதன் உருவம் குலையாமல் நிற்கச் செய்தார். மரப்பெட்டிக்கு ஒரு கட்டணமும் அட்டைப் பெட்டிக்கு அதைவிட உயர்ந்த கட்டணமும் விதித்துவந்த அமெரிக்க ரயில்வேக்களின் வழக்கம், பிரிதம் வழக்கு என்று பெயர்பெற்ற விசாரணையில் 1914-இல் அநியாயம் என்று தீர்ப்பாகவே, அட்டைப் பெட்டியின் திக்விஜயம் தொடங்கியது. நம் தேசத்தில் சுதந்தரத்துக்குப் பிற்பட்ட பத்தாண்டுகளில் அது மரப்பெட்டியின் இடத்தையும் சாக்கின் இடத்தையும் மெல்ல மெல்லப் பற்றிக்கொண்டது. சிப்பமிடும் பொருள்களின் ஆராய்ச்சிக்கும் போதனைக்குமாக இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் பம்பாயில் 1966-இல் ஏற்பட்டது.

பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் அம்பத்தூர் தொடங்கி மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரையில் தொழிற்பேட்டைகள் பரவியபோது, மோட்டார் உதிரிப் பாகங்களும் கண்ணாடியும் மின்னணுச் சாதனங்களும் வெளியே போவதற்குப் பெட்டி தேவைப்பட்டது. பெட்டிக்காரர்களுள் இரு தரத்தார் உண்டு. ஒரு தரத்தார் சிறிய கொட்டகையில், நெளிக்கும் மெஷின் ஒன்றையும் பசை தடவும் மெஷின் ஒன்றையும் வைத்துக்கொண்டு, தாள்களைக் கையால் அடுக்கி ஒட்டி, உலர்த்தி, வெட்டி, பின் அடித்துப் பெட்டியாக்குகிறவர்கள். மற்றத் தரத்தார் நூறு அடிக்கும் மேல் நீண்ட ஒரே யந்திர வரிசையில், ஒரு முனையில் காகித உருளையை ஏற்றி, நீராவியால் சூடேறிய உருளைகளின் இடையே நெளித்து ஒட்டி உலர்த்தி, மறு முனையில் வெட்டிய அட்டையாக இறக்குகிறவர்கள். அளவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை இருந்தாலும் இரண்டு இடத்திலும் தூசு ஒன்றே.

அந்தத் தூசு எங்கே பிறக்கிறது என்பதைக் கவனித்தால் தொழிலின் அந்தரங்கம் விளங்கும். காகித உருளை அவிழும்போதே அதன் மேற்பரப்பிலிருந்து நார் உதிர்கிறது. சுழலும் கத்திகள் அட்டையை நீளவாட்டில் பிளந்து ஓரங்களைக் கழிக்கும் இடத்தில் அது பெருகுகிறது. பெட்டியின் மடிப்புகளுக்கு இடம்விட்டுக் காடி வெட்டும் இடத்திலும், அச்சுக் கத்தியால் வெட்டி எடுக்கும் இடத்திலும் இன்னும் பெருகுகிறது. நம் நாட்டுக் கிராஃப்ட் காகிதம் பெரும்பாலும் பழைய காகிதத்தைக் கூழாக்கி மீண்டும் செய்தது. ஒவ்வொரு முறை கூழாகும்போதும் நார் குட்டையாகிறது, குட்டை நார் எளிதில் உதிர்கிறது. ஆதலால் பழைய காகிதத்தை வீணாக்காமல் காக்கும் புண்ணியத்தோடு அதிகத் தூசு என்னும் சுமையும் கூடவே வருகிறது. இவற்றோடு, பசை காய்ச்சும் இடத்தில் மூட்டையைப் பிரித்துக் கொட்டும்போது எழும் மாவுத் தூசும் சேர்ந்துகொள்கிறது. மக்காச்சோள மாவும், சேலம் ஜில்லாவில் மிகுதியாக ஆட்டப்படும் மரவள்ளி மாவும் இந்தப் பசைக்கு உதவுகின்றன. நெசவாளரின் கஞ்சி செய்த தொழிலுக்கும் இந்தப் பசை செய்யும் தொழிலுக்கும் மூலப்பொருள் ஓரினமே.

இனி, இந்தத் தூசையும் காற்றையும் ஆளும் வித்தை எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம். காற்றைப் பதப்படுத்தும் யந்திரம் உலகில் முதன்முதலாக மனிதனின் சுகத்துக்கென்று செய்யப்பட்டது என்றே பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது காகிதத்தின் சுகத்துக்கென்று செய்யப்பட்டது. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஸாக்கெட்–வில்ஹெல்ம்ஸ் அச்சகத்தில், ஒரே தாளில் ஒரு வர்ணத்துக்குமேல் மற்றொரு வர்ணத்தை அச்சிடும்போது, கோடைக் காற்றின் ஈரத்தை உறிஞ்சித் தாள் விரிந்தது. ஈரம் குறைந்தபோது சுருங்கியது. வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் விலகிப் போயின. இருபத்தைந்து வயது வாலிபராக இருந்த வில்லிஸ் கேரியர், 1902-ஆம் ஆண்டு ஜூலை மாதம், குளிர்ந்த குழாய்களின்மேல் காற்றைச் செலுத்தி அதிலுள்ள ஈரத்தை வடித்து, அச்சகத்தில் சார்பு ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்தும் ஏற்பாட்டுக்குப் படம் வரைந்து கொடுத்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அமெரிக்கத் தென்மாகாண நூலாலைகளில் இழைக்கு ஈரம் ஊட்டும் முயற்சியில் ஈடுபட்டிருந்த ஸ்டூவர்ட் கிரேமர் இந்த வித்தைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயரைச் சூட்டினார்.

கேரியர் கண்ட கஷ்டம் செங்கற்பட்டுக் கரைக்கு மிகவும் சொந்தமான கஷ்டம். ஐப்பசி கார்த்திகை மாதங்களில் இந்தப் பிரதேசத்தின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். காகிதம் காற்றின் ஈரத்தோடு எப்போதும் கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டிருக்கும் பொருளாகையால், மேல் தாளும் கீழ்த் தாளும் வெவ்வேறு அளவில் ஈரம் வாங்கினால் அட்டை வளைந்துபோகிறது. வளைந்த அட்டை அச்சு மெஷினுக்குள் ஒழுங்காக ஓடுவதில்லை. ஈரம் மிகுந்த கிடங்கில் அடுக்கிய பெட்டி, உலர்ந்த இடத்தில் தாங்கும் சுமையில் பாதியளவு மாத்திரமே தாங்கும் நிலைக்கு வந்துவிடக்கூடும். இதனாலேயே காகிதத்தையும் தீக்குச்சியையும் நம்பிய ஒரு நகரம், தெற்கே மழை குறைந்த கரிசல் பூமியில் எழுந்தது. ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் அதை ஊன்றியபோது, விவசாயிக்குச் சாபமாக இருந்த வறண்ட காற்று தொழிலாளிக்கு மூலதனமாயிற்று. சிவகாசிக்கு இயற்கை இலவசமாகக் கொடுத்ததை, கடற்கரைத் தொழிற்சாலை மின்சாரம் செலவிட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

தூசை நீக்கும் வித்தையோ அச்சத்தில் பிறந்தது. மாவும் நாரும் குவியலாகக் கிடக்கும்போது மெதுவாகவே எரியும்; அதே பொருள் நுண்ணிய தூளாகக் காற்றில் பரவி நிற்கும்போது, ஒவ்வொரு துகளையும் சூழ்ந்து பிராணவாயு இருப்பதால், ஒரு பொறி பட்டதும் முழுக் கூடமும் ஒரே கணத்தில் வெடிக்கும். இத்தாலியில் டூரின் நகரத்து மாவுக் கிடங்கு ஒன்றில் 1785-ஆம் ஆண்டு டிசம்பரில், விளக்கு வெளிச்சத்தில் மாவை வாரிக்கொண்டிருந்தபோது நேர்ந்த வெடிப்பை மொரோத்ஸோ பிரபு ஆராய்ந்து எழுதினார். 1878-ஆம் ஆண்டு மே 2-ஆம் தேதி அமெரிக்காவின் மின்னியாபோலிஸ் நகரில் வாஷ்பர்ன் மாவாலை வெடித்து 18 பேர் மாண்டபோதுதான், தூசைப் பிடித்து அடைக்கும் சாதனம் இல்லாமல் ஆலை நடத்துவது ஆபத்து என்பது முதலாளிகளுக்கு உறைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் அத்தகைய சாதனங்கள் பல தோன்றின. அவற்றுள், காற்றைக் கூம்பு வடிவமான தகரக் கூட்டுக்குள் சுழலவிட்டு, கனமான துகள்களைச் சுவரோரம் ஒதுக்கிக் கீழே இறக்கும் சைக்ளோனுக்கு 1885-இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்ச் உரிமம் பெற்றார். இன்று செங்கற்பட்டு, மதுராந்தகம் பக்கத்து நவீன அரிசி ஆலைகளின் கூரைமேல் நிற்கும் சைக்ளோன்கள் அந்தக் குலத்தைச் சேர்ந்தவையே.

அட்டைத் தொழிற்சாலையில் இந்தச் சைக்ளோனுக்கு இரட்டை வேலை. ஓரக் கழிவைக் கத்தியின் அருகிலேயே வாய் வைத்த குழாய் உறிஞ்சுகிறது. விநாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் காற்று அதைக் கூரைக்குமேல் கொண்டுசென்று சைக்ளோனில் விடுகிறது. துண்டுக் காகிதம் கீழே இறங்கிக் கட்டாக அழுத்தப்பட்டு மறுபடியும் காகித ஆலைக்கே போகிறது. காற்றின் வேகம் குறைந்தால் குழாயின் வளைவுகளில் கழிவு படிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குப் புலப்படாத நுண்தூசு சைக்ளோனின் சுழற்சிக்கு வசப்படாமல் காற்றோடு தப்பிப் போகிறது; அதைப் பிடிப்பதற்குத் துணிப்பைகளின் வழியாகக் காற்றை வடிகட்ட வேண்டும், பைகளை அவ்வப்போது உதறிச் சுத்தமாக்க வேண்டும். எவ்வளவு காற்றை வெளியே இழுக்கிறோமோ அவ்வளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும் என்பதும் மறக்கத்தகாத விதி. உள்ளே வரும் காற்றுக்கு வழிசெய்யாத கூடத்தில் விசிறி வெறுமனே திணறும். வழிசெய்த கூடத்திலோ கடற்கரையின் ஈரமும் அதே வழியாக நுழையும். தூசை நீக்குவதும் ஈரத்தை ஆள்வதும் இவ்விதம் ஒன்றையொன்று பிணைத்துக்கொண்டிருப்பதால், இந்தக் கரையில் ஒன்றை விட்டு மற்றொன்றைச் செய்ய முடிவதில்லை.

இத்தனை செலவையும் தொழில் ஏன் மேற்கொண்டது என்று கேட்டால் கிடைக்கும் விடைதான் இந்தச் சரித்திரத்தின் சாரம். தூசு படிந்த அட்டையில் மை திட்டுத்திட்டாக விழுகிறது, அச்சுப் பிளேட்டில் நார் ஒட்டிக்கொண்டு எழுத்து மங்குகிறது, பசை பிடிப்பதில்லை, மருந்தும் உணவும் வைக்கும் பெட்டியைத் தூசோடு வாங்க வாடிக்கைக்காரர் சம்மதிப்பதில்லை, உத்தரங்களின்மேல் படிந்த தூசு ஒரு தீப்பொறியில் முழுத் தொழிற்சாலையையும் கொண்டுபோகக்கூடும். இவை யாவும் சரக்கையும் கட்டடத்தையும் பற்றிய காரணங்கள். காற்றைப் பேணும் சாஸ்திரம் இழைக்காகவும் தாளுக்காகவும் மாவுக்காகவும் முதலில் வளர்ந்தது. அதனால் விளைந்த நன்மையில் ஒரு பங்கு அந்தக் கூடத்தில் நின்றவனுக்கும் கிடைத்தது. தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமத்ஸீனி தனி நூல் எழுதி, மாவரைப்போர், கல்தச்சர் ஆகியோரின் மூச்சுத் துன்பத்தை விளக்கமாக எடுத்துக் கூறியிருந்தும், அறிவு யந்திரமாக மாறுவதற்கு இருநூறு ஆண்டுகள் சென்றன. சரக்கு கெட்டபோது மாத்திரம் அந்த மாற்றம் விரைந்து நடந்தது.

சட்டம் அந்தக் குறையை நிவர்த்திக்க முயன்றது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். சுதந்தர இந்தியாவின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் காற்றோட்டத்தை 13-ஆம் பிரிவிலும், தூசையும் புகையையும் 14-ஆம் பிரிவிலும், செயற்கை ஈரத்தை 15-ஆம் பிரிவிலும், வெடிக்கக்கூடிய தூசை 37-ஆம் பிரிவிலும் வைத்தது. தூசை உறிஞ்சும் சாதனம் தூசு பிறக்கும் இடத்துக்குக் கூடியமட்டும் அருகில் இருக்க வேண்டும், அந்த இடம் கூடியமட்டும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்னும் 14-ஆம் பிரிவின் வாசகம், எந்த என்ஜினீயரும் திருத்த விரும்பாத தெளிவுடையது. போபால் துயரத்துக்குப் பின் 1987-இல் செய்த திருத்தம், வேலையிடத்துக் காற்றில் இன்ன பொருள் இன்ன அளவுக்குமேல் இருக்கலாகாது என்னும் அட்டவணையையும் சேர்த்தது. ஆனால் யந்திர சக்தி உள்ள இடத்தில் பத்துப் பேரும், இல்லாத இடத்தில் இருபது பேரும் வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. கொட்டகையில் நாலைந்து பேரோடு பெட்டி ஒட்டுகிறவனும், அழுத்திய காற்றால் மெஷினை ஊதிச் சுத்தம்செய்து அந்தத் தூசையே மறுபடியும் சுவாசிக்கிறவனும், அந்த எல்லைக்கு வெளியே நின்றுவிட்டார்கள்.

இதே கரையில், முட்டுக்காட்டுக்குத் தெற்கே மாமல்லபுரத்தில், இப்படிச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்பதன் விபரீதம் இன்னும் கடுமையாகத் தெரிகிறது. காகிதத் தூசு இருமலையும் எரிச்சலையும் உண்டாக்குவது. கருங்கல்லின் தூசோ நுரையீரலில் தங்கி அதைத் தழும்பாக்குவது. கல்லிலுள்ள ஸிலிகாவால் வரும் சிலிகோஸிஸ், 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஒன்றாக இருந்தது. ஒருமுறை உண்டான தழும்பை மாற்ற மருந்து இல்லை. பல்லவர் காலத்திலிருந்து உளியும் சுத்தியலும் கொண்டு திறந்தவெளியில் வேலை செய்த சிற்பியின் கையிலிருந்து உதிர்ந்தது பெரும்பாலும் கல்சில்லு. கடற்காற்றும் அவனுக்குத் துணைநின்றது. 1957-இல் அரசினர் சிற்பக் கல்லூரி இங்கே ஏற்பட்டு மரபு புத்துயிர் பெற்றது. 2017-இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் மின்சாரக் கல்லறுப்பான் வந்தபின் உதிர்வது சில்லன்று. புகை போன்ற நுண்தூள். அது சிற்பியின் முகத்துக்கு எதிரேயே எழுகிறது. ஆயிரம் ஆண்டுகளாகப் போதுமானதாக இருந்த காற்று இந்தத் தூளுக்குப் போதாது.

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. வெட்டும் தகட்டின்மேல் நீர் சொட்டினால் தூள் எழும் முன்பே சேறாகிவிடும்; நீர் ஆகாத இடத்தில், அட்டைத் தொழிற்சாலையில் ஓரக் கழிவுக்கு வைத்திருப்பதுபோலவே, தகட்டின் பக்கத்தில் உறிஞ்சுகுழாயின் வாயை வைக்கலாம்; இவ்விரண்டும் செய்த பிறகு மிஞ்சுவதற்கே முகமூடி. தனியொரு சிற்பியாலோ தனியொரு பெட்டிக்காரராலோ வாங்க இயலாத சாதனத்தைக் கூட்டுறவுச் சங்கமும் தொழிற்பேட்டையும் சர்க்காரும் சேர்ந்து பொதுவில் அமைத்துக் கொடுக்கலாம். ஆள் எண்ணிக்கையைப் பாராமல் தூசின் அளவைப் பார்க்கும்படி சட்டத்தின் எல்லையை மாற்றலாம். ஒரு காகிதத் தாள் மயிரிழை அகலம் விரிந்ததைப் பொறுக்காமல் உலகம் ஒரு புதிய சாஸ்திரத்தையே சிருஷ்டித்துக்கொண்டது. அந்தத் தாளைப் பெட்டியாக்கும் கைக்கும் கல்லைத் தெய்வமாக்கும் கைக்கும் உரிய சுவாசத்தைக் காப்பதற்கு அதே சாஸ்திரத்தை முழுமனத்தோடு பிரயோகிப்பது, தொழில்வளம் பெற்ற ஒரு தேசம் தன் தொழிலாளருக்குத் தீர்க்க வேண்டிய மிகப் பழைய கடன். அதைத் தீர்க்கும் வகை தெரிந்துவிட்ட இந்தக் காலத்தில் தவணை கேட்பதற்கு நியாயம் இல்லை.